யானைக்குத் தும்பிக்கை தெரிகிறதா? படத்தை வைத்துப் பழைய காசின் தரம் பார்ப்பது

குன்றத்தூரில் ஓட்டு வீடுகள் ஒவ்வொன்றாக இறங்கி, அடுக்குமாடி ஏறிக்கொண்டிருக்கிறது. ஒரகடத்துக்கும் ஸ்ரீபெரும்புதூருக்கும் ஷிஃப்ட் போகிறவர்களுக்கு வாடகை வீடு வேண்டும். இடம் வைத்திருப்பவர் கட்டுகிறார். வீட்டை இடிக்கும் முன் பரணிலிருந்து டிரங்குப் பெட்டி இறங்கும். பித்தளைச் சொம்பு, ஜாதக நோட்டு, பழைய பத்திரம், அதற்கடியில் ஒரு சுருக்குப் பை. பைக்குள் நாலு ஜார்ஜ் ராஜா ரூபாய், கொஞ்சம் ஓட்டைக் காலணா, மஞ்சள் துணியில் முடிந்து வைத்த ஒரு ராணி ரூபாய். அன்று சாயங்காலமே அவையெல்லாம் செல்போனில் படமாகி, காசு சேர்க்கிற யாராவது ஒருவருக்குப் போய்ச் சேரும். கீழே ஒரே வரி: "அண்ணா, இது எவ்ளோ போகும்?"

அந்த அண்ணனுக்கு அது என்ன காசு என்பது உடனே தெரிந்துவிடும். ராஜா யார், ஆண்டு என்ன, எந்த நாணயச்சாலையில் அடித்தது என்பதற்குப் படம் போதும். எந்த நிலையில் இருக்கிறது என்பதில்தான் சிக்கல். விலையைத் தீர்மானிப்பதும் அதுதான். ஒரே ஆண்டு, ஒரே ராஜா; ஒரு ரூபாய் வெள்ளி விலைக்குப் போகிறது, இன்னொன்று அதைப்போலப் பல மடங்கு போகிறது. வித்தியாசம் தரத்தில்.

படத்தை நம்பி எவ்வளவு தூரம் போகலாம்? என் கணக்கு இது. தேய்மானத்தைப் படம் ஓரளவு நேர்மையாகச் சொல்லிவிடும். மேற்பரப்பைப் பற்றிச் சுலபமாகப் பொய் சொல்லும். எடையைப் பற்றியும் விளிம்பைப் பற்றியும் எதுவுமே சொல்லாது. இந்த மூன்றையும் போட்டுக் குழப்பிக்கொள்வதால்தான் பெரும்பாலானவர்கள் ஏமாறுகிறார்கள்.

முதலில் தேய்மானம். சேகரிப்பாளர்களிடம் புழங்குகிற தரப் பெயர்கள் எல்லாம் ஆங்கில வழக்கில் வந்தவை: குட், வெரி குட், ஃபைன், வெரி ஃபைன், எக்ஸ்ட்ரா ஃபைன், ஏ.யூ., யூ.என்.சி. இதில் 'குட்' என்பது அடிமட்டத்துக்குச் சற்று மேலே என்பதை ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள். 'குட் கண்டிஷன்' என்று விற்கிறவர் சொல்வதற்கும் இதற்கும் சம்பந்தமில்லை. 'யூ.என்.சி.' என்றால் புழக்கத்துக்கே வராத காசு, 'ஏ.யூ.' அதற்கு ஒரு படி கீழே. இவற்றோடு 1 முதல் 70 வரை ஓர் எண் அளவும் உண்டு. வில்லியம் ஷெல்டன் என்ற அமெரிக்கர் 1949-ல் தம் நாட்டுப் பழைய செம்பு சென்ட்டுகளுக்காக வகுத்தது. இன்று பிளாஸ்டிக் கூட்டில் முத்திரையிட்டுத் தரும் பி.சி.ஜி.எஸ்., என்.ஜி.சி. போன்ற நிறுவனங்கள் அதையே பயன்படுத்துகின்றன. அதில் 40 என்றால் எக்ஸ்ட்ரா ஃபைன், 50 ஏ.யூ., 60-லிருந்து புழங்காத காசு.

பெயர்களை மனப்பாடம் செய்து பயனில்லை. ஒரு காசில் எந்த இடம் முதலில் தேயும் என்று தெரிந்தால் போதும். மேடான இடம்தான் முதலில் தேயும். நம் வீடுகளில் அதிகம் கிடைக்கும் ஐந்தாம் ஜார்ஜ் வெள்ளி ரூபாயையே எடுத்துக்கொள்வோம். தலைப் பக்கம் கிரீடம் வைத்த ராஜா இடது பக்கம் பார்த்திருப்பார். தாடி, மீசை, காது, புருவம், கன்னம். தோளில் பூவேலை செய்த அங்கி. அந்த அங்கியின் மேல் கிடக்கும் பட்டமாலையில், மார்புப் பக்கம், ஒரு குட்டி யானை. கடுகளவுக்குக் கொஞ்சம் பெரியது.

அந்த யானைதான் அளவுகோல். படத்தைப் பெரிதாக்கி யானையைத் தேடுங்கள். யானை இருந்த இடமே தெரியாமல் வழவழவென்று இருந்து, தாடி தட்டையாகி, எழுத்துகள் மட்டும் முழுதாக இருந்தால் வெரி குட். அங்கி வேலைப்பாட்டில் பாதி இருந்து, யானை ஒரு மொட்டையான புடைப்பாகத் தெரிந்தால் ஃபைன். இது யானை என்று சொல்லும்படி உருவம் இருந்து, காதின் வளைவும் தாடியின் சில இழைகளும் பிரிந்து தெரிந்தால் வெரி ஃபைன். யானையின் கால், தும்பிக்கை எல்லாம் இருந்து, புருவத்திலும் கன்னத்திலும் யானையின் விலாவிலும் மட்டும் லேசாகத் தேய்ந்திருந்தால் எக்ஸ்ட்ரா ஃபைன். அதற்கு மேலே போக வேண்டுமென்றால் உருவம் போதாது, பளபளப்பு பார்க்க வேண்டும். அதில்தான் படம் காலை வாரும்.

யானை என்றதும் 1911 ரூபாயைச் சொல்லாமல் போக முடியாது. ஜார்ஜ் பட்டம் ஏறிய பின் முதலில் வந்த ரூபாய் அது. அதில் யானையின் தும்பிக்கை குட்டையாக அமைந்துவிட்டது; பார்க்கப் பன்றி மாதிரி இருக்கிறதென்று முஸ்லிம்களிடையே கடும் ஆட்சேபம் எழுந்தது. அரசு வெளியீட்டை நிறுத்தி, பெரும்பகுதியை உருக்கிவிட்டது. 1912-ல் தும்பிக்கையை நீட்டிப் புது அச்சு செய்தார்கள். மிஞ்சிய 1911 ரூபாயைச் சேகரிப்பாளர்கள் 'பன்றி ரூபாய்' என்கிறார்கள், விலையும் கூடுதல். கூடுதல் விலை என்றால் திருத்தியவையும் சந்தைக்கு வரும். படத்தில் ஆண்டு 1911 என்றிருந்து, யானைக்கு மட்டும் நீளத் தும்பிக்கை இருந்தால் யாரோ ஆண்டின் கடைசி எண்ணில் கைவைத்திருக்கிறார். ஆண்டைப் பார்ப்பதோடு நிறுத்தாமல் யானையையும் பாருங்கள்.

பூப் பக்கம் வேலை சுலபம். நடுவில் மதிப்பும் ஆண்டும், சுற்றிப் பூங்கொடி, அடியில் தாமரை. பூக்களின் மையமும் இலையின் நரம்பும் முதலில் மழுங்கும். தாமரைக்குக் கீழே ஒரு சின்னப் புள்ளி இருந்தால் பம்பாயில் அடித்தது, இல்லாவிட்டால் கல்கத்தா. புள்ளியைத் தேடும்போது அழுக்குத் துணுக்கைப் புள்ளி என்று எண்ணிவிடாதீர்கள். இரண்டு பக்கமும் ஒரே அளவு தேய்ந்திருக்க வேண்டும் என்பதில்லை. தரம் சொல்லும்போது மட்டமான பக்கத்தைத்தான் கணக்கில் எடுக்க வேண்டும். விற்கிறவர்கள் நல்ல பக்கத்தை மட்டும் நாலு படம் அனுப்புவார்கள். மறுபக்கம் கேட்டால் "அதுவும் இதே மாதிரிதான் சார்" என்பார்கள்.

ராணி ரூபாயும் இப்படித்தான். 1862-லிருந்து வந்த கிரீட உருவத்தில் கன்னம், காதருகே முடி, மார்புச் சட்டையின் பூவேலை என்ற வரிசையில் தேயும். 1877 முதல் 'குவீன்' போய் 'எம்ப்ரஸ்' வந்தது. எட்வர்டு ரூபாயில் ராஜா வெறுந்தலை, வலது பக்கம் பார்ப்பார். காதும் காதுக்கு மேலே உள்ள முடியும்தான் அங்கே சாட்சி.

தேயாமலே தேய்ந்த மாதிரி தெரியும் காசும் உண்டு. அச்சு சரியாக இறங்காவிட்டால் மேடான இடத்தில் உருவம் நிறையாது. அச்சே பழசாகித் தேய்ந்திருந்தாலும் இப்படி ஆகும். அடையாளம் என்ன? தேய்ந்த இடம் வழவழப்பாகி, சுற்றியுள்ள பரப்பைவிட மங்கலான சாம்பல் நிறத்தில் இருக்கும். அச்சு இறங்காத இடத்தில் உருவம் இல்லாவிட்டாலும் சொரசொரப்பும் பளபளப்பும் அப்படியே இருக்கும். நல்ல படத்தில் இந்த நிற வேறுபாடு தெரியும், வாட்ஸ்அப் நசுக்கிய படத்தில் தெரியாது. சந்தேகம் வந்தால் தேய்மானம் என்றே வைத்துக்கொள்ளுங்கள். பணம் உங்களுடையது.

இந்தப் பக்கத்துக்காரர்களுக்கு ஒரு வசதி இருக்கிறது. ஒரகடத்திலும் இருங்காட்டுக்கோட்டையிலும் வார்ப்புப் பாகங்களையும் பெயின்ட் அடித்த கதவுகளையும் கண்ணால் சோதித்து அனுப்புகிற வேலையில் ஆயிரக்கணக்கானோர் இருக்கிறார்கள். அவர்களிடம் போய் 'லைட்டைச் சாய்த்துப் பார்' என்று சொல்லித்தர வேண்டியதில்லை. நேர் வெளிச்சத்தில் மறைகிற கீறல், சாய்ந்த வெளிச்சத்தில் கோடு போட்டுத் தெரியும் என்பது அவர்களுக்குப் பாலபாடம். அங்கே மேஜையில் 'லிமிட் சாம்பிள்' வைத்திருப்பார்கள். இதுவரை பாஸ், இதற்கு மேல் ரிஜெக்ட் என்று காட்டும் மாதிரித் துண்டு. காசுக்கும் அதே வழிதான். கூட்டில் அடைத்து எண் போட்ட அதே வகை ரூபாயின் படங்களை ஒவ்வொரு தரத்துக்கும் ஒன்றாகச் சேர்த்து போனில் வையுங்கள். வந்த படத்தை இரண்டு மாதிரிகளுக்கு நடுவில் வைத்துப் பாருங்கள். மனசில் இருக்கும் அளவுகோல் ஆசைக்குத் தக்கபடி நீளும்; மாதிரிப் படம் நீளாது.

இனி மேற்பரப்பு. அச்சடிக்கும் அழுத்தத்தில் உலோகம் நடுவிலிருந்து விளிம்பை நோக்கி ஓடும். அந்த ஓட்டம் கண்ணுக்குத் தெரியாத நுண்ணிய கோடுகளை விட்டுச்செல்லும். காசைச் சாய்த்துத் திருப்பினால் ஒளிக்கீற்றுகள் மையத்தைச் சுற்றி ஓடுவது அதனால்தான். புழங்காத காசின் உயிர் அது. தேய்க்கத் தேய்க்க முதலில் போவதும் அதுவே. ஒருமுறை போனால் திரும்பாது. பாலிஷ் போட்டு வருவது வேறு பளபளப்பு, கண்ணாடி மாதிரி ஒரே சீராக மினுங்கும், சாய்த்தாலும் ஒளி ஓடாது.

நம் வீட்டு வெள்ளி ரூபாய்களுக்கு இதில் ஒரு பெரிய ஆபத்து இருந்து வந்திருக்கிறது: பூஜை. வெள்ளிக்கிழமைதோறும் மகாலட்சுமி படத்தின் முன்னால் இருந்த காசு. மஞ்சளும் குங்குமமும் வைத்து, ஆடி வெள்ளிக்கும் தீபாவளிக்கும் புளியும் விபூதியும் போட்டுத் தேய்த்து, பிற்பாடு சபீனாவும் பல்பொடியும் கண்டிருக்கும். பாட்டிக்கு அது பக்தி. சேகரிப்பாளருக்கு அது 'கிளீன்டு'. யானையின் தும்பிக்கை முழுதாக இருந்தாலும் கழுவித் தேய்த்த காசுக்கு எக்ஸ்ட்ரா ஃபைன் விலை கிடைக்காது.

படத்தில் இதைக் கண்டுபிடிக்க முடியுமா? பாதி முடியும். எழுத்துகளின் இடுக்கில் மட்டும் கருப்பும் குங்குமச் சிவப்பும் ஒட்டியிருந்து, திறந்த பரப்பு மட்டும் வெள்ளை வெளேரென்று இருந்தால் தேய்த்தது. நூறு வருஷத்துக் காசு நேற்று அடித்தது போல் வெண்மையாக இருந்து, கூடவே யானை மழுங்கியிருந்தால் நிச்சயமாகத் தேய்த்தது அல்லது அமிலத்தில் முக்கியது. தேய்ந்த காசுக்கு வெண்பளபளப்பு இயற்கையில் வராது. வெள்ளி தானாகக் கறுக்கும்போது கந்தகம் பிடித்து முதலில் மஞ்சள், பிறகு பழுப்பு, நீலம், கடைசியில் கறுப்பு என்று படிப்படியாகப் போகும். எடுப்பான ஊதாவும் பச்சையும் வரிசையில்லாமல் திட்டுத் திட்டாக இருந்தால் யாரோ நிறம் ஏற்றியிருக்கிறார் என்று சந்தேகப்படலாம்.

துணியால் துடைத்த கீறல்கள் ஒரே திசையில் இணையாக ஓடும், எழுத்தின் மேலும் ஏறி இறங்கும். அச்சைப் பாலிஷ் செய்ததால் வரும் கோடுகளும் உண்டு. அவை காசில் மேடாக விழுந்து, எழுத்தின் ஓரம் வந்ததும் நின்றுவிடும். அச்சில் எழுத்து குழியாக இருப்பதால் பாலிஷ் கல் அங்கே தொடாது. ஒரு கோடு எழுத்தைத் தாண்டிப் போகிறதா, நிற்கிறதா என்ற ஒரு கேள்வி போதும், குற்றமா இல்லையா என்று பிரிக்க.

இந்தக் கீறல்கள் படத்தில் விழாமல் செய்வதும் ரொம்பச் சுலபம். மேகமூட்டமான நாளில் எடுத்தாலோ, டியூப் லைட்டின் கீழே வெள்ளைத் தாள் விரித்து எடுத்தாலோ கீறல் மறையும்; ஸ்கேனரில் வைத்தால் கீறலும் மறையும், நல்ல காசின் ஒளியோட்டமும் மறையும். போனே தன் பங்குக்கு வேலை செய்கிறது. ஓரங்களைக் கூர்மையாக்கித் தேய்ந்த தாடியில் இல்லாத இழையை வரைந்துகாட்டும், புள்ளிகளைப் படத்தின் பிசிறு என்று நினைத்து வழித்தெடுக்கும். பிளாஸ்டிக் உறைக்குள் வைத்து எடுத்த படத்தில் கீறல் காசில் இருக்கிறதா உறையில் இருக்கிறதா என்று சொல்லவே முடியாது. அதனால் ஒற்றைப் படத்தைப் பார்த்து யாராவது 'யூ.என்.சி.' என்று அடித்துச் சொன்னால், அவர் விற்கிறவராக இருக்க வேண்டும்.

நகைக்கும் காசுக்கும் உள்ள பழைய உறவையும் மறக்கக் கூடாது. காசுமாலையில் கோத்த ரூபாயில் கிரீடத்துக்கு மேலே, விளிம்பை ஒட்டி, வளையம் பற்றவைத்து எடுத்த தழும்பு இருக்கும். அரம் போட்டு மழித்திருப்பார்கள். அந்த இடத்தில் விளிம்பின் பற்கள் சில காணாமல் போயிருக்கும், உலோகத்தின் நிறம் கொஞ்சம் மாறியிருக்கும். படத்தில் பன்னிரண்டு மணித் திசையை விரலாலோ நிழலாலோ மறைத்திருந்தால் காரணம் கேளுங்கள். காசு மாற்றும் சராப்புகள் வெள்ளி சோதிக்கக் குத்திய சின்னச் சின்ன முத்திரைகளும் பழைய ரூபாய்களில் உண்டு. எனக்கு அவை பிடிக்கும், அந்தக் காசு எத்தனை கை மாறியது என்று காட்டுகின்றன. விலையில் மட்டும் குறைத்துத்தான் ஆக வேண்டும்.

தேய்மானமும் மேற்பரப்பும் தனித்தனி விஷயம் என்பதற்கு நம் ஊருக்காக அடித்த ஒரு காசையே உதாரணம் காட்டலாம். கம்பெனி காலத்து மதராஸ் ராஜதானியில் 80 காசு ஒரு பணம், 42 பணம் ஒரு வராகன். கிழக்கிந்தியக் கம்பெனி இந்தச் செப்புக் காசுகளை இங்கிலாந்தில், பர்மிங்ஹாமுக்கு அருகே இருந்த சோஹோ ஆலையில், நீராவி இயந்திரத்தில் அடித்து வாங்கியது. 1808 என்று ஆண்டு பொறித்த பத்துக் காசும் இருபது காசும் பீப்பாய் பீப்பாயாக 'அட்மிரல் கார்ட்னர்' என்ற கப்பலில் ஏறின. 1809 ஜனவரியில் கென்ட் கரைக்கு அப்பால் குட்வின் மணல்திட்டில் கப்பல் உடைந்தது. மதராஸுக்கு வரவேண்டிய காசு கடலடியில் கிடந்து, 1980-களில் லட்சக்கணக்கில் மேலே வந்தது. இன்று உலகமெங்கும் விற்கிறது.

அந்தப் பத்துக் காசின் படத்தைப் பாருங்கள். கம்பெனிச் சின்னத்தைத் தாங்கும் சிங்கங்களின் பிடரி மயிர்கூடத் தெரியும். ஒரு கையும் படாத காசு, தேய்மானமே கிடையாது. உருவத்தை மட்டும் பார்த்தால் யூ.என்.சி. ஆனால் பீப்பாயின் ஓரத்தில் இருந்த காசுகளில் உப்பு நீர் அரித்துப் பரப்பெல்லாம் அம்மைத் தழும்பு. நடுவில் இறுகிக் கிடந்தவை மட்டும் நன்றாகத் தப்பின. இரண்டும் ஒரே கப்பல், ஒரே ஆண்டு, ஒரே தேய்மானம். தரம் எழுதுகிறவர்கள் இதனால்தான் 'உருவம் இன்ன தரம், பரப்பு அரித்தது' என்று இரண்டாகப் பிரித்து எழுதுகிறார்கள். பூஜை ரூபாய்க்கும் அப்படியே எழுதலாம்: 'உருவம் வெரி ஃபைன், தேய்த்துக் கழுவியது.'

இன்னும் பழைய காசுகளுக்கு இந்தக் கணக்கெல்லாம் அப்படியே பொருந்தாது. ராஜராஜன் செப்புக் காசு நம்மிடம் நிறையக் கிடைக்கிறது. ஒரு பக்கம் நிற்கும் உருவம், மறு பக்கம் அமர்ந்த உருவம், பக்கத்தில் நாகரி எழுத்தில் 'ஸ்ரீ ராஜராஜ'. கையால் சுத்தியல் அடித்துச் செய்தது. அச்சு பெரிதாகவும் செப்புத் துண்டு சிறியதாகவும் இருக்கும், உருவத்தில் பாதி வெளியே விழுந்திருக்கும். இங்கே தேய்மானத்தைவிட முக்கியம் எத்தனை எழுத்து தட்டுக்குள் விழுந்திருக்கிறது, அடி நடுவில் இறங்கியிருக்கிறதா என்பது. கரூர் அமராவதி ஆற்று மணலில் கிடைக்கும் சங்க காலக் காசுகளில் நிலைமை இன்னும் கடினம். 'தினமலர்' ஆசிரியராக இருந்த இரா. கிருஷ்ணமூர்த்தி அந்தக் காலத்து நாணயங்களை ஆராய்ந்து, 'பெருவழுதி' என்று தமிழ் பிராமியில் பெயர் பொறித்த பாண்டியக் காசை வெளியிட்டவர். அப்படிப்பட்ட காசில் நாலைந்து எழுத்து இருக்கிறதா இல்லையா என்பதே மொத்தத் தரமும். தரங்கம்பாடியில் டேனிஷ்காரர்கள் அடித்த பொடிக் காசுகளுக்கும் இதே நியாயம்.

செப்புக் காசுப் படங்களில் இரண்டு விஷயம் கவனியுங்கள். ஒன்று, தேய்ந்த உருவத்தை எடுப்பாகக் காட்ட வெள்ளைப் பவுடர் தூவி எடுப்பது. குழியில் பவுடர் நின்று கோலம் போட்ட மாதிரி உருவம் பளிச்சென்று தெரியும், அரிப்பும் பள்ளமும் அதற்கடியில் ஒளிந்துகொள்ளும். எண்ணெய் தடவி எடுத்தாலும் இதே கதை. இரண்டு, களிம்பு. ஒரே சீரான கரும்பச்சையோ காப்பிப் பழுப்போ இருந்தால் நல்லது, அது காசைக் காக்கும் தோல். வெளிர்பச்சையில் மாவு மாதிரி உதிரும் புள்ளிகள் இருந்தால் அது நடந்துகொண்டிருக்கும் அரிப்பு. பக்கத்தில் வைத்த காசுக்கும் சேதம் வரலாம்.

தேய்ந்த காசின் படத்தில் மேடெல்லாம் பள்ளமாகவும் பள்ளமெல்லாம் மேடாகவும் தெரிந்தால் பதற வேண்டாம். வெளிச்சம் மேலிருந்துதான் வரும் என்று கண் தானாக எடுத்துக்கொள்கிறது. படத்தில் கீழிருந்து வந்திருக்கும். படத்தைத் தலைகீழாகத் திருப்பினால் சரியாகிவிடும்.

இவ்வளவும் பார்த்த பிறகும் அசலா போலியா என்ற கேள்வி நிற்கும். அச்சில் வார்த்த போலியைக் கண்டுபிடிக்க வார்ப்பாலைத் தம்பிகள் போதும்: பரப்பில் ஊசிக்குத்து மாதிரிக் காற்றுக் குழிகள், எழுத்தின் ஓரம் கூர்மையில்லாமல் சோப்பு மாதிரி உருண்டு இருப்பது, விளிம்பைச் சுற்றி, அச்சின் இரு பாதியும் சேர்ந்த ஒரு பார்ட்டிங் லைன் அல்லது அதை அரத்தால் மழித்த தடம். இதில் கடைசி அடையாளத்துக்கு விளிம்புப் படம் வேண்டும். யாரும் தானாக அனுப்ப மாட்டார்கள், கேட்டு வாங்க வேண்டும்.

எடையும் கேளுங்கள். 1835 முதல் கம்பெனி நிர்ணயித்த ரூபாயின் எடை 11.66 கிராம், அதாவது ஒரு தோலா. 1000-க்கு 917 பங்கு வெள்ளி. சின்ன டிஜிட்டல் தராசில் காசை வைத்து, எண் தெரிய ஒரு படம் எடுக்கச் சொல்லுங்கள். புழங்கித் தேய்ந்ததில் சற்றுக் குறையலாம். அதே பருமனில் வெள்ளை உலோகத்தில் செய்த போலி என்றால், அடர்த்தி குறைவதால், ஒன்றரை கிராம் அளவுக்கு இளைத்துவிடும். எடையைச் சரிக்கட்ட வேண்டுமென்றால் தடிமனைக் கூட்ட வேண்டும், அது விளிம்புப் படத்தில் மாட்டும். ஆறாம் ஜார்ஜ் ரூபாயில் 1940-லிருந்து வெள்ளி பாதியாகக் குறைந்தது, விளிம்பிலும் பற்களுக்கு நடுவே பள்ளம் ஓடும் பாதுகாப்பு வேலை வந்தது. புலி போட்ட 1947 ரூபாய் வெள்ளியே அல்ல, நிக்கல், காந்தத்தில் ஒட்டும். அதை 'வெள்ளி' என்று விற்கிறவரிடம் காந்தம் வைத்து ஒரு வீடியோ கேட்டால் பேச்சு முடிந்துவிடும். 1939 ரூபாய் அரிது, 1938 அப்படியல்ல. இரண்டுக்கும் இடையில் இருப்பது ஒரே எண். அந்தக் கடைசி எண்ணின் நெருக்கப் படம் இல்லாமல் விலையே பேசாதீர்கள்.

ராமர் பட்டாபிஷேகமோ அனுமாரோ போட்டு, 1818, கிழக்கிந்தியக் கம்பெனி என்று எழுதிய 'அணா'வை யாராவது அனுப்பினால் தரம் பார்க்கவே வேண்டாம். கம்பெனி அப்படியொரு காசை அடித்ததே இல்லை. அரிசியை இழுக்கும், இரிடியம் கலந்தது என்று கதை கட்டி இதை விற்கிற கும்பல்கள் தமிழ்நாட்டில் பலமுறை பிடிபட்டிருக்கின்றன. பழைய காசுக்கு லட்சக்கணக்கில் தருகிறோம், முன்பணமாகக் கமிஷன் கட்டுங்கள் என்று ரிசர்வ் வங்கி பெயரில் வரும் அழைப்புகளும் பொய்தான். அப்படி யாரையும் நியமிக்கவில்லை, எந்தக் கட்டணமும் கேட்பதில்லை என்று ரிசர்வ் வங்கியே 2021 ஆகஸ்டில் எச்சரித்தது.

சரி, விலைக்கு வருவோம். ஒரு ரூபாயில் ஏறக்குறைய 10.7 கிராம் சுத்த வெள்ளி இருக்கிறது. 1917, 1918 போல ஏராளமாக அடித்த ஆண்டுகளில் வெரி குட், ஃபைன் தரத்துக் காசுக்குத் தர விவாதமே வீண். வெள்ளி விலையை ஒட்டித்தான் போகும். தரம் பணமாக மாறுவது எக்ஸ்ட்ரா ஃபைனுக்கு மேலே, அல்லது ஆண்டு அரிதாக இருக்கும்போது. படம் மிகவும் தடுமாறுவதும் அதே மேல்தட்டில்தான். அதனால் படத்தை வைத்து ஒற்றைத் தரம் சொல்லாதீர்கள், இரண்டுக்கு நடுவில் சொல்லுங்கள்: 'வெரி ஃபைனிலிருந்து எக்ஸ்ட்ரா ஃபைன்.' விலையைக் கீழ்த்தரத்துக்குப் பேசுங்கள். கையில் வாங்கிப் பார்த்து மேல்தரம் என்றால் உங்கள் அதிர்ஷ்டம். திருப்பி எடுத்துக்கொள்ள மறுக்கிற விற்பனையாளரிடம் மேல்தட்டுக் காசு வாங்குவது சூதாட்டம்.

பரணில் கிடைத்தது வேறு, பள்ளத்தில் கிடைத்தது வேறு. அஸ்திவாரம் தோண்டும்போது மண்ணிலிருந்து காசுக் கலயம் வந்தால் அது உடனே வீட்டுக்காரருடையதும் ஆகிவிடாது, ஜே.சி.பி. ஓட்டியவருடையதும் ஆகிவிடாது. 1878-ஆம் ஆண்டின் புதையல் சட்டப்படி, பத்து ரூபாய் மதிப்புக்கு மேல் இருந்தால் கலெக்டருக்குத் தெரிவிக்க வேண்டும். குன்றத்தூர்க்காரர்களுக்குக் காஞ்சிபுரம் கலெக்டர். நூறு வருஷம் தாண்டிய காசு 1972-ஆம் ஆண்டுச் சட்டத்தில் தொல்பொருள். சிங்கப்பூரில் இருக்கும் மச்சான் ஆசைப்பட்டுக் கேட்டாலும் 1918 ரூபாயைக் கூரியரில் போடக் கூடாது.

விற்கிற பக்கம் நீங்கள் இருந்தால் முதல் வேலை, கழுவாமல் இருப்பது. குங்குமம் ஒட்டியிருந்தாலும் இருக்கட்டும். காலை வெயில் நேரே விழாத ஜன்னலோரம் கறுப்புத் துணியோ சாம்பல் நிற அட்டையோ விரித்து, உறையிலிருந்து எடுத்து வையுங்கள். விளிம்பைப் பிடித்து எடுங்கள், முகத்தில் விரல் வேண்டாம். போனை நேர் மேலே, அசையாமல், ஒரு சாண் உயரத்தில் பிடித்துப் பிறகு பெரிதாக்குங்கள். கிட்டக் கொண்டுபோனால் போனின் நிழல் விழும். பத்து மணித் திசையிலிருந்து வெளிச்சம் வர ஒரு படம், இரண்டு மணித் திசையிலிருந்து ஒன்று, இரண்டு பக்கத்துக்கும். விளிம்புக்கு ஒன்று, தராசோடு ஒன்று. விரல்களுக்கிடையில் பிடித்து மெதுவாகச் சாய்த்துத் திருப்பும் பத்து வினாடி வீடியோ ஒன்று; ஒளி ஓடுகிறதா என்று வாங்குகிறவர் அதில்தான் பார்ப்பார். வாட்ஸ்அப்பில் போட்டோவாக அனுப்பாமல் 'டாக்குமென்ட்' என்று இணைத்து அனுப்புங்கள், யானை நசுங்காமல் போய்ச் சேரும்.